எனக்கு வரவேண்டிய வண்டி

வண்டி மேல சாயாதீங்க சார். கோவிச்சுக்கிறாதீங்க. உங்க பேண்ட்டுல பின்னாடி பட்டன் இருக்கு, பெயிண்டுல கீறல் விழுந்துரும். உறை போட்டுத்தான் வெச்சிருக்கேன், ஆனாலும் உறைக்கு மேலயே கீறல் விழுகும், அனுபவத்துல சொல்றேன். இந்தா, இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. மழை இப்போதைக்கு விடாது.

காரு எங்க மாட்டியிருக்குன்னு சொன்னீங்க, கீழ் வளைவுல வாய்க்கால் ஓரத்துலயா? அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. முன்சக்கரம் அந்தச் சேத்துல இறங்கிருச்சுன்னா முறுக்க முறுக்கத் தோண்டிக்கிட்டேதான் போகும். இழுத்துரலாம். ஏன் இழுக்க முடியாது? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இந்தா உங்க பக்கத்துலயே நிக்குது. மழை கொஞ்சம் விடட்டும். நேத்துத்தான் கழுவுனேன், அதுக்காகத்தான் பாக்குறேன்.

சிந்தாமணி, சாருக்கு ஒரு காபி கொண்டா. நம்ம தோட்டத்துக் காபிதான் சார், குடிச்சுப் பாருங்க.

ஆமா, டீக்கடையில யாரைப் போய்ப் பாக்கச் சொன்னாங்க? அழகுமலையவா? தெரியும். நீங்க வாசல்ல நின்னு முழிச்சப்பவே தெரியும் எனக்கு. அவன் வீடு மேல் வளைவுல இருக்கு சார், நீங்க ஒரு வீடு முன்னாடியே ஏறி வந்துட்டீங்க. பரவால்ல, வந்தது வந்துட்டீங்க. இந்த மலையில எவன் வண்டி மாட்டுனாலும் அழகுமலை. எவளுக்குப் பிரசவ வலி வந்தாலும் அழகுமலை. பள்ளிக்கூட பஸ்சு வரலைன்னா அழகுமலை. கண்ணுக்கு முன்னாடி என் செட்டுல இவ்ளோ பெரிய வண்டி நிக்குது, ஒருத்தன் வாயிலயும் தெய்வேந்திரன்னு என் பேரு வராது.

அவன் வேற யாரும் இல்ல, என் சித்தப்பா மகன்தான். எனக்குத் தம்பி முறை. பங்காளிக் காய்ச்சல்னு நீங்க நினைப்பீங்க, ஊரும் அப்பிடித்தான் பேசுது. எனக்கு ஒரு காய்ச்சலும் இல்ல சார். நான் நியாயத்தைச் சொல்றேன், நீங்க வெளியூரு, பொதுவான ஆளு, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

முதல் விஷயம், அவன் வெச்சிருக்கிற வண்டி எனக்கு வந்திருக்க வேண்டியது. இங்க பக்கத்து எஸ்டேட்டுல ஒரு மேனேஜர் இருந்தாரு, மங்களூர்ப் பக்கத்து ஆளு. அவரு வெச்சிருந்த காரு. ஜீப்பு இல்ல, காருதான், ஆனா பின்பக்கம் நல்ல நீளம், பின்கதவை அப்பிடியே மேல தூக்கலாம், ஒரு கட்டிலையே உள்ள தள்ளலாம். பச்சைக் கலரு. நாலு சக்கரமும் இழுக்கும். அவரு வேலையை விட்டுட்டு ஊருக்குக் கிளம்புறப்ப முதல்ல என்கிட்டத்தான் கொண்டாந்தாரு. மிஸ்டர் தெய்வேந்திரன், இது உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதின்னாரு. என்கிட்டத்தான் சார் சொன்னாரு, அவன்கிட்ட இல்ல.

நான் சுத்தி வந்து பாத்தேன். சீட்டு கிழிஞ்சிருந்துச்சு, கதவுல நாய் பிறாண்டுன தடம் வேற. டயரை ஒரு உதை உதைச்சுட்டு, இது பழைய இரும்புக் கடைக்குத்தான் சார் போகும்னு சொல்லிட்டேன். அந்தாளு முகத்துல ஈயாடல. பக்கத்துல மிளகுக் கொடி கட்டிக்கிட்டிருந்த அழகுமலை கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, அப்ப நான் எடுத்துக்கட்டுமாண்ணேன்னு என்னையத்தான் கேட்டான். எடுத்துக்கடா, உனக்கு ஏத்த வண்டிதான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன். ஆச்சு, பதினோரு வருஷம்.

பதினோரு வருஷத்துல அந்த வண்டி ஒருநாளாவது வழியில நின்னிருக்கணுமா இல்லையா? நிக்கல சார். புயல் அடிச்சு மரமெல்லாம் சாஞ்ச வருஷம் பஸ்சு நின்னுச்சு, லாரி நின்னுச்சு, அது நிக்கல. காலையில சாவியைத் திருப்புனான்னா ஒரே திருப்பு. ரெண்டாவது தடவை திருப்பி நான் கேட்டதில்ல. நின்னு போகணும்னு நான் வேண்டிக்கிட்டேன்னு சிந்தாமணி சொல்லுவா, நம்பாதீங்க. வேண்டல. என்னைக்காவது நிக்கும்ல, அன்னைக்குப் பாப்போம்னு நினைச்சதுண்டு. வேண்டுறது வேற, நினைக்கிறது வேற.

அவன் அந்த வண்டியை வெச்சிருக்கிற அழகை நீங்க பாக்கணும். ஞாயித்துக்கிழமையானா மூடியைத் தூக்கி ஆயில் குச்சியை உருவி, பழைய பனியன்ல துடைச்சு, திரும்ப விட்டு எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பான். கண்ணு பக்கத்துல கொண்டு போய்ப் பாப்பான், நகைக்கடைக்காரன் மாதிரி. டயரு மாத்துனா நாலையும் சேத்துத்தான் மாத்துவான். ஒண்ணு தேஞ்சா ஒண்ணு மாத்துனாப் போதாதா? போதாதாம். நாலும் சேந்து இழுக்கிற வண்டிக்கு நாலும் ஒரே மாதிரி தேயணுமாம். பின்பக்கம் ஒரு சங்கிலி, ஒரு பலகை, ஒரு மம்பட்டி எப்பவும் கிடக்கும். ஏத்தத்துல எவன் மாட்டுனாலும் பலகையைப் போட்டு, சங்கிலியை மாட்டி, முறுக்காம உறுமாம மெதுவா இழுத்து வெளிய கொண்டாந்து விட்டுட்டு, டீ கூடக் குடிக்காம போயிருவான். எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்குறீங்க. மொட்டை மாடியில நின்னா அவன் வாசல் தெரியும் சார். நான் ஒண்ணும் மெனக்கெட்டுப் பாக்கல, பல்லு விளக்குறப்பக் கண்ணுல படுது.

மிளகு நல்ல விலைக்குப் போன வருஷம் நானும் எடுத்தேன் இதை. உறையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுறேன், அந்த முனையை மட்டும் பிடிங்க. பாத்தீங்களா, கண்ணாடி மாதிரி. கியருக்குப் பக்கத்துல ஒரு வட்டத் திருகு இருக்கு, அதைத் திருப்புனா நாலு சக்கரமும் இழுக்கும். ஷோரூம்ல அந்தத் தம்பி திருப்பிக் காட்டுனாரு. அதுக்கப்புறம் நான் திருப்பல. சும்மா சும்மா திருப்புனா தேஞ்சு போயிறாது? அவசரம்னு ஒண்ணு வர்றப்ப வேணும்ல. சீட்டுல கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த பிளாஸ்டிக்கு இன்னும் அப்பிடியே இருக்கு. போதும், விடுங்க, உறையை இறக்கிருவோம்.

வண்டி வந்த புதுசுல ரோட்டுல நிக்கிறவங்களை நானே நிறுத்தி ஏத்துனேன். ஏத்தலைன்னு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. தபால்காரரை ஒருநாள் மழையில ஏத்துனேன். குடையை மட்டும் ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பிடிச்சுக்கங்க, சொட்டு உள்ள விழக்கூடாதுன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? அன்னையில இருந்து என் வண்டி வர்றதைப் பாத்தா மனுசன் மரத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிறாரு. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பலாப்பழத்தோட நின்னாங்க. நீங்க ஏறுங்க, பழம் பின்னாடி பஸ்சுல வரட்டும்னேன். பஸ்சுலயே பழத்தோட வர்றேன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பச்சை வண்டியில என்ன வேணாலும் ஏறும் சார். சேத்துக் காலோட ஆளுக ஏறும், காபி மூட்டை ஏறும், ஒரு தடவை கன்னுக்குட்டி பின்கண்ணாடி வழியா மூஞ்சியை நீட்டிக்கிட்டுப் போச்சு. அதை அவன் வண்டியாவா வெச்சிருக்கான்? அதுக்குப் போய் ஊரே கையெடுத்துக் கும்பிடுது.

வாம்மா, அங்க வை. என்ன பார்வை? சாருக்கிட்டப் பேசிக்கிட்டுதான் இருக்கேன். இழுக்கத்தான் போறேன், மழை விடட்டும்னு சொல்லியிருக்கேன். நீ உள்ள போ.

என் பொண்டாட்டிதான் சார். அவளும் அந்தக் கட்சிதான்.

சரி, இந்த ஐப்பசியில நடந்ததைச் சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். எங்க வகையறாவுக்குப் பெரியநாச்சியம்மன் குலசாமி. சாமியோட நகை, துணிமணி எல்லாம் ஒரு மரப்பெட்டியில இருக்கும், பெட்டி அடிவாரக் கோயில்ல இருக்கும். சாமி கும்பிடு அன்னைக்கு அதை மலைக்கோயிலுக்குக் கொண்டு வரணும். கொண்டு வர்றப்பப் பெட்டி தரையில படக்கூடாது. வழியில எங்கயும் இறக்கி வைக்கிற பேச்சே இல்ல, மடியிலயோ தலையிலயோதான் இருக்கணும். முன்னாடி தலைச்சுமையா வரும். ரோடு போட்டதுல இருந்து பங்காளிகள்ல ஒருத்தர் வண்டியில, பூசாரி மடியில வருது. எவன் வண்டியில பெட்டி வருதோ அவனுக்குத்தான் கோயில்ல பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. கோயிலுக்குப் போற கடைசி ரோடு மண் ரோடு, ஐப்பசியில சேறு. அதனால பதினோரு வருஷமா பச்சை வண்டி. பதினோரு வருஷமா பரிவட்டம் அவன் தலையில.

அப்பனுக்கு மூத்த மகன் நான், வகையறாவுல நான்தான் பெரியவன், வருஷா வருஷம் கூட்டத்தோட கூட்டமா நின்னு துன்னூறு வாங்கிக்கிட்டு வர்றேன். வயிறு எரியுமா எரியாதா? எரிஞ்சுச்சு சார். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன.

இந்த வருஷம் கூட்டத்துலயே கேட்டுட்டேன். இப்ப ரெண்டு வண்டி இருக்கு, எதுல வர்றதுன்னு ஆத்தாவே சொல்லட்டும், பூப் போட்டுப் பாருங்கன்னேன். எல்லாரும் அவன் மூஞ்சியைப் பாத்தாங்க. அவன் உடனே, அண்ணன் சொல்றது சரிதானேன்னுட்டான். மறுத்திருந்தா நல்லா நாலு வார்த்தை கேக்கலாம்னு வெச்சிருந்தேன், அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டான். வெள்ளைப் பூ என் வண்டிக்கு, சிவப்புப் பூ அவன் வண்டிக்கு. ரெண்டையும் தனித்தனியா இலையில மடிச்சு ஆத்தா காலடியில போட்டு, பூசாரி வீட்டுச் சின்னப் பொண்ணை எடுக்கச் சொன்னாங்க. பிரிச்சா வெள்ளை. வெள்ளை சார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவனைத் திரும்பிப் பாத்தேன், சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுத்தான் சிரிச்சிருப்பான். நான்னா அப்பிடித்தான் சிரிச்சிருப்பேன்.

சாமி கும்பிடு அன்னைக்குக் காலையில வண்டியைக் கழுவித் துடைச்சு மாலை போட்டேன். மாலைக் கம்பி படுற இடத்துல எல்லாம் பஞ்சு வெச்சேன். முன்சீட்டுல பூசாரியும் பெட்டியும். பின்னாடி சிந்தாமணியும் என் மகளும். முளைப்பாரி எடுக்கிற பொண்ணுங்களும் பெட்டி வண்டியிலதான் ஏறுவாங்க, அது வழக்கம். ஆனா பானையெல்லாம் தண்ணி சொட்டுது சார். நீங்க பின்னாடி வண்டியில வாங்கம்மான்னு அனுப்பிட்டேன். பின்னாடி வண்டின்னா எது? பச்சை வண்டிதான். பொண்ணுங்க, பானை, மேளக்காரங்க, அத்தனை பேரையும் அமுக்கிக்கிட்டு அவன் பின்னாடியே வந்தான். பூசாரி காலைக் கழுவிட்டுத்தான் ஏறுனாரு, நான் ஒரு துண்டும் குடுத்தேன்.

மண் ரோட்டுல பாதி ஏத்தம் நல்லாத்தான் ஏறுச்சு. ஒரு இடத்துல உண்ணிச்செடி ரோட்டுக்கு நீட்டிக்கிட்டு நிக்குது, முள்ளு முள்ளா. அப்பிடியே போனா இடது பக்கம் பூராவும் கோடு போட்டுரும். நிறுத்தி, இறங்கி, அந்தக் கிளையை ஒடிச்சுப் போட்டுட்டு வந்து ஏறுனேன். மனுசன்னா செய்வானா மாட்டானா? திரும்ப எடுக்கிறேன், வண்டி நகரல. சக்கரம் சும்மா சுத்துது, வண்டி பின்னால நழுவுது. அந்த ஏத்தத்துல நிறுத்தக்கூடாதுன்னு சிந்தாமணி அப்பவே சொன்னேன்ங்கிறா. அவ எப்பவும் எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பா, எதைன்னு கேக்கிறது?

பின்னாடி அவன் இறங்கி வந்தான். முட்டி வரைக்கும் சேறு. என் ஜன்னல் பக்கம் குனிஞ்சு, யாருக்கும் கேக்காம மெதுவா,

"அண்ணே, திருகைத் திருப்பிட்டீங்கள்ல?" அப்பிடின்னான்.

திருப்பல. மறந்துருச்சு. பெட்டி, பூசாரி, மாலை, பஞ்சு, இத்தனையில அந்தத் திருகு எங்க ஞாபகத்துக்கு வரும்? ஆனா நீங்களே சொல்லுங்க சார், அந்த நேரத்துல கையை வெச்சுத் திருப்புனேன்னா அவன் சொல்லித் திருப்புன மாதிரி ஆயிருமா ஆகாதா? என் வண்டியை என்கிட்டயே அவன் ஓட்டச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதெல்லாம் அப்பவே திருப்பியாச்சுன்னேன். அவன் கண்ணு அந்தத் திருகு மேலதான் இருந்துச்சு. பாத்துட்டான். சரிண்ணேன்னு மட்டும் சொல்லிட்டு நிமிந்துட்டான்.

பெட்டியை இறக்கி வைக்க முடியாதுல்ல. அவன் பச்சை வண்டியைப் பூசாரி உக்காந்திருந்த பக்கம் ரோட்டோர மேட்டு மேல ஏத்தி, வண்டியோட வண்டி ஒட்டுற மாதிரி கொண்டாந்து நிறுத்துனான். ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டு நிக்குது அந்த வண்டி, அசையல. பூசாரி மடியில இருந்து மேளக்காரர் கைக்கு, அவரு கையில இருந்து உள்ள ஒரு பொண்ணு மடிக்கு, அப்பிடியே மாறிப் போச்சு பெட்டி. பூசாரி போனாரு. என் மகள் போனா. சிந்தாமணி என்னைய ஒரு பார்வை பாத்துட்டு அவளும் இறங்கிப் போனா. எல்லாரும் போனப்புறம் பிளாஸ்டிக் சீட்டுல நான் மட்டும் உக்காந்திருக்கேன். அப்பவாவது திருப்பியிருக்கலாமேன்னு கேப்பீங்க. திருப்பி, தானா ஏறி வந்தா, முன்னாடி திருப்பலைன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போகும்ல.

அவன் பெட்டியைக் கோயில்ல சேத்துட்டுத் திரும்பி வந்து, சங்கிலி போட்டு என்னைய இழுத்துக்கிட்டுப் போனான். கோயில் வாசல் வரைக்கும் சார். மாலையோட. மேளம் வேற அடிச்சாங்க, சாமிக்கு அடிச்சதுதான், ஆனா நேரம் அப்பிடி அமைஞ்சு போச்சு. பம்பர்ல சங்கிலி உரசி ஒரு கோடு விழுந்துருச்சு, அது இன்னைக்கும் இருக்கு. அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை கேக்கல.

அதுகூடப் பரவால்ல. பரிவட்டம் கட்டுற நேரம் பூசாரி துணியை எடுத்துக்கிட்டு அவன் பக்கம் போனாரு. அவன் பின்னால நகந்துக்கிட்டு, அண்ணனுக்குக் கட்டுங்க சாமி, பூ அவருக்குத்தானே விழுந்துச்சுங்கிறான். அத்தனை பேரும் தலையாட்டுறாங்க, அழகுமலை மனசு யாருக்கு வரும்னு பொண்ணுங்க பேசுறது என் காதுல விழுது. என் தலையில கட்டுனாங்க. பூ எனக்கு விழுந்துச்சு சார், ஆத்தா எனக்குக் குடுத்தது. அதையும் அவன் கையால வாங்கி நான் கட்டிக்கிட்ட மாதிரி ஆயிப்போச்சு. அந்தத் துணி தலையில இருந்த நேரம் பூராவும் எனக்கு எரிஞ்சுச்சு. வீட்டுக்கு வர்றப்பவும் சிந்தாமணி பச்சை வண்டியிலதான் வந்தா. ஏன்டின்னா, உங்க வண்டியில காலை எங்க வைக்கிறதுன்னே தெரியலங்கிறா.

இருங்க. பேசாதீங்க கொஞ்சம்.

கேக்குதா? உங்களுக்குக் கேக்காது. மேல் வளைவு திரும்பி வருது. இப்ப கியரைக் குறைக்கிறான். அந்தப் பாறை கிட்டக் குறைப்பான், பிரேக்கைத் தொட மாட்டான். அவன்தான். இந்த மழையில எங்க கிளம்பிட்டான்?

சிந்தாமணி, நீ போன் போட்டியா? ஏன், நான் இழுக்க மாட்டேன்னு சொன்னேனா? சாரு ஈரத்துல உக்காந்திருக்காருங்கிறியா? உக்காந்திருந்தா என்ன, காபி குடிச்சாருல்ல? மழை விடட்டும்னுதானே சொன்னேன்.

சரி, விடுங்க சார். கூப்பிட்டாச்சு, வந்துட்டான், போங்க. முன்சீட்டுலயே ஏறுங்க, செருப்பைக் கழட்டச் சொல்ல மாட்டான். உங்க வண்டி அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துரும். அதுல சந்தேகமே வேணாம், நான் சொல்றேன்.

சார், ஒரு நிமிசம். இப்பிடிப் பக்கத்துல வாங்க. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. போற வழியில பேச்சுவாக்குல கேளுங்க, இந்த வண்டியைக் குடுப்பீங்களான்னு. நீங்க வெளியூரு, வண்டியைப் பாத்து ஆசைப்பட்டுக் கேக்குற மாதிரி கேளுங்க. அவன் என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிருங்க, எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கிறேன். வேணும்னா இந்த வண்டியை அவன் எடுத்துக்கட்டும், பிளாஸ்டிக்கு கூடப் பிரிக்கல. எனக்குன்னு மட்டும் சொல்லீறாதீங்க சார். சத்தியமாச் சொல்லீறாதீங்க.

வாப்பா அழகுமலை. சாரு உன்னையத்தான் பாக்க வந்தாரு, வழி தெரியாம இங்க ஏறிட்டாரு. என்னப்பா, வண்டியில ஏதோ சத்தம் வருதே?